போலித் தொழினுட்ப உதவி மோசடியும் கொழும்புத் தமிழரும்: ஒரு சமூகவியல் நோக்கு

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்து நிற்கும் அடுக்குமாடி இல்லங்களின் வாசலிற் காவலாளர் அமர்ந்திருப்பர். வருவோரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே மேலே செல்ல விடுவர். வீட்டுக் கதவின் முன் இரும்புக் கிராதியொன்றும் இருக்கும். கொட்டாஞ்சேனையிற் புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ்ந்த நெருக்கமான குடியிருப்புகளில் இத்தகைய காவல் இல்லையெனினும், அயலவர் கண்ணுக்குத் தப்பி அந்நியர் ஒருவர் படியேறுதல் அரிது. இவ்வாறு வாசலைக் காத்து வாழும் ஒருவர், முன்பின் அறியாத ஒரு குரலை நம்பித் தமது கணினியையும், அதன்வழியே வங்கிக் கணக்கையும் தாமே திறந்துவிடுவது எவ்வாறு? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

கணினியிற் பழுது நேர்ந்துள்ளதாகப் பொய்கூறி, அதனைச் சீர்செய்யும் பணியாளராக நடித்து, பணத்தையோ இரகசியத் தரவுகளையோ கவர்ந்துகொள்வதனைப் போலித் தொழினுட்ப உதவி மோசடி எனலாம். இதற்கு இரையாவோரைப் பற்றிப் பேசுங்கால் அறியாமை, பேராசை என்னும் இரு காரணங்களைக் கூறி அமைவது நம்மிடையே வழக்கம். அதிர்ஷ்டப் பரிசு, பிரமிட் முறை வியாபாரம் முதலியவற்றில் ஏமாந்தோருக்குப் பேராசை என்னும் விளக்கம் ஓரளவு பொருந்தலாம். இங்கோ எவருக்கும் எதுவும் கிடைக்குமென்று சொல்லப்படுவதில்லை. இருப்பதை இழக்க நேரிடும் என்றே சொல்லப்படுகின்றது. ஆகவே இதில் அகப்படுவோர் பெரும்பாலும் இருப்பதைப் பேண விரும்பும் எச்சரிக்கையாளரே. கருவியைப் பயன்படுத்துவோருக்கும் அதன் உள்ளியக்கத்தை அறிந்தோருக்கும் இடையிலுள்ள தூரமே இம்மோசடியின் விளைநிலம் என்பதையும், கொழும்புத் தமிழரிடையே அத்தூரம் குடும்ப நிலையினாலும் மொழியினாலும் மேலும் கூடுகின்றது என்பதையும் எடுத்துக்காட்டுவதே ஈண்டு நோக்கமாகும்.

மோசடி இயங்கும் முறை

இம்மோசடி பெரும்பாலும் இரு வழிகளில் தொடங்குகின்றது. ஒன்று, பெயர்பெற்ற கணினி நிறுவனத்திலிருந்தோ இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்திலிருந்தோ பேசுவதாகக் கூறும் தொலைபேசி அழைப்பு. மற்றது, இணையத்தில் ஏதோவொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு தோன்றும் எச்சரிக்கை. அபாயச் சங்கொலியும், உடனே அழைக்குமாறு ஒரு தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கும். உண்மையில் அது கணினியின் அறிவிப்பன்று. விளம்பரத்தின் வழியாக வந்த ஓர் இணையப் பக்கமே. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் இடம்பெறுவதில்லை.

அடுத்த கட்டம் சான்று காட்டுதல். வின்டோஸ் இயங்குதளத்தில் நிகழ்வுப் பதிவேடு ஒன்று உண்டு. கணினியில் நிகழும் சிறியவும் பெரியவுமான செயல்களை அது இடையறாது பதிந்துகொண்டிருக்கும். நலமாக இயங்கும் கணினியிலும் அப்பதிவேட்டிற் பிழைகளும் எச்சரிக்கைகளும் சிவப்பு, மஞ்சள் நிறக் குறிகளுடன் நூற்றுக்கணக்கிற் காணப்படும். அதனைத் திறக்கச் சொல்லி, அக்குறிகள் யாவும் நச்சுநிரல்கள் என மோசடிக்காரன் கூறுவான். மற்றொரு தந்திரம் இதனினும் நுட்பமானது. ஒரு கட்டளையைத் தட்டச்சுச் செய்வித்து, திரையில் 888 எனத் தொடங்கும் நீண்ட குறியீடொன்றைத் தோன்றச் செய்வான். பின்னர் அதனைத் தானே எழுத்துத் தவறாமல் வாசித்து, "இது உங்கள் கணினிக்கே உரிய இலக்கம்; எங்கள் பதிவில் உள்ளது" என்பான். கேட்பவர் வியப்புறுவார். அக்குறியீடோ வின்டோஸ் இயங்கும் கணினிகள் யாவற்றுக்கும் பொதுவானது. கூறப்பட்ட தகவல் மெய், அதற்குக் கற்பிக்கப்பட்ட பொருளே பொய் என்பது இவ்விரு தந்திரங்களிலும் கவனிக்கற்பாலது.

மூன்றாவது கட்டத்திலே எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற மென்பொருளொன்றை நிறுவச் சொல்வான். இவை நேர்மையான தேவைகளுக்காக ஆக்கப்பட்டவை. தொலைவிலுள்ள ஒருவர் நம் கணினியை இயக்குவதற்கு வழி செய்பவை. இதன் பின்னரே பணம் பற்றிய பேச்சு எழும். சீர்செய்வதற்கான கட்டணமாக அது கேட்கப்படலாம். அன்றி, முன்பு செலுத்திய கட்டணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி வங்கிக் கணக்கைத் திறக்கச் செய்து, தவறுதலாக அதிக தொகை அனுப்பிவிட்டதாகப் புலம்பி, மேலதிகத்தைத் திருப்பிக் கேட்கலாம். கணக்கில் இருப்புக் கூடியதாகத் திரை காட்டும். ஆனால் மாறியது அவர் முன்னுள்ள பக்கத்தின் எழுத்துகள் மட்டுமே, வங்கியிலுள்ள கணக்கன்று. இதனை அறியாதவர் தமது சொந்தப் பணத்தையே 'திருப்பி' அனுப்பிவிடுகிறார்.

அமெரிக்காவின் ஸ்ரோனி புறூக் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் முன்னோடியானது. அவர்கள் இத்தகைய மோசடிக்காரர் அறுபது பேருடன் தாமே உரையாடினர். பணம் கேட்கும் கட்டத்தை அடையச் சராசரியாக 17 நிமிடங்கள் கழிந்தன. கேட்கப்பட்ட தொகை சராசரியாக 291 டொலர் அளவினது. மிரட்டிப் பறிக்கும் செயல் இதுவன்று. பொறுமையுடன் 'கற்பிக்கும்' செயலே என்பது அப்பதினேழு நிமிடங்களாற் புலப்படும்.

வரலாறும் பரப்பும்

ஏறத்தாழ 2008 ஆம் ஆண்டளவில் இந்தியாவிலுள்ள அழைப்பு நிலையங்களிலிருந்து ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு விடுக்கப்பட்ட அழைப்புகளுடன் இம்மோசடி பெருந்தொழிலாக வளரத் தொடங்கியது. 2012 ஒக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு இத்தகைய ஆறு குழுக்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. 2018 இல் தில்லிக்கு அண்மையிலுள்ள குருகிராம், நொய்டா ஆகிய நகரங்களிற் பதினாறு போலி உதவி நிலையங்கள் பொலிசாரால் முற்றுகையிடப்பட்டன. 2023 ஒக்டோபரில் இந்திய மத்திய புலனாய்வுப் பணியகம் 76 இடங்களிற் சோதனை நடத்தியது. மைக்ரோசொப்ட், அமேசன் ஆகிய நிறுவனங்களின் முறைப்பாடுகளும் அதற்கு அடிப்படையாயின. அமெரிக்காவில் மட்டும் 2023 இல் இவ்வகை மோசடி பற்றி 37,560 முறைப்பாடுகள் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்துக்குக் கிடைத்தன. இழப்பு 92 கோடி டொலருக்கு மேற்பட்டது.

இலங்கை இதற்குப் புறம்பானதன்று. 2024 யூனில் மாதிவெல, பத்தரமுல்லை, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் இணையவழி நிதி மோசடி தொடர்பாக அறுபது இந்தியர் கைதாயினர். அதே ஆண்டு ஒக்டோபரில் நாட்டின் பல பாகங்களிலும் இருநூறுக்கு மேற்பட்ட சீன நாட்டவர் கைதாயினர். இவை யாவும் தொழினுட்ப உதவி என்ற வேடத்தில் நிகழ்ந்தவையல்ல. எனினும் மோசடியைத் தொழிற்சாலை முறையில் நடத்தும் அமைப்பு இத்தீவிலும் களம் தேடிக்கொண்டது என்பதற்கு அவை சான்றாகும். இங்குள்ளோரை நோக்கி வரும்போது அதன் வேடம் சற்று மாறுகின்றது. கணினி நிறுவனத்தின் இடத்தை வங்கி அலுவலர், தொலைபேசி நிறுவன உத்தியோகத்தர், அஞ்சற் பொதி விநியோகிப்பவர் ஆகியோர் பெறுகின்றனர். கணினியின் இடத்தைக் கையடக்கத் தொலைபேசி பெறுகின்றது. ஆயின் பழுது அல்லது தடை ஒன்றைக் கற்பித்து, உதவுவதாகக் கூறிக் கருவியைத் திறப்பித்தல் என்னும் அடிப்படை மாறுவதில்லை.

ஏமாறுவோர் யாவர்?

முதியோரே ஏமாறுகின்றனர் என்னும் கருத்து முழு உண்மையன்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2021 இல் பதினாறு நாடுகளில் நடத்திய ஆய்வில், வினவப்பட்டோரில் 59 வீதத்தினர் முந்திய ஓராண்டுக்குள் இத்தகைய முயற்சியைச் சந்தித்திருந்தனர். பணம் இழந்தோரில் இளைஞரின் பங்கு முதியோரின் பங்கை விஞ்சியது. ஆனால் இழக்கும் தொகையைக் கருதும்போது அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் அறுபது வயதைக் கடந்தோரையே முன்னிறுத்துகின்றன. வாழ்நாட் சேமிப்பு அவர்களிடமே இருப்பது இதற்குக் காரணமாகலாம்.

இத்துறையில் வல்லவர்களும் விதிவிலக்கல்லர். ஜிம் பிறவுணிங் என்னும் புனைபெயர் கொண்ட பிரித்தானியர், மோசடி நிலையங்களின் கணினிகளுக்குள்ளேயே ஊடுருவி அவற்றை அம்பலப்படுத்தி உலகப் புகழ் பெற்றவர். குருகிராம் நிலையமொன்றைப் பற்றி அவர் திரட்டிய காட்சிகள் 2020 இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் வெளியாயின. அவரே 2021 யூலையில், யூரியூப் நிறுவனத்தின் உதவிப் பிரிவினராக நடித்தோரை நம்பித் தமது ஒளியலைவரிசையைத் தாமே அழித்துவிட்டார். பின்னர் அது மீட்கப்பட்டது. நடந்ததை அவர் மறைக்காது வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது. ஏமாற்றம் அறிவின் அளவைப் பொறுத்ததன்று. அந்தந்த வேளையின் சூழ்நிலையைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கொழும்புத் தமிழரின் சூழ்நிலை

இனி, கொழும்புத் தமிழரின் சூழ்நிலையை நோக்குவோம். 1983 யூலைக்குப் பின்னர் பெருகிய புலப்பெயர்வின் விளைவாக, வெள்ளவத்தையிற் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழ, பெற்றோர் இருவரோ ஒருவரோ தனித்து வாழும் வீடுகள் பல. அவ்வீடுகளிற் கணினியும் கைபேசியும் பொழுதுபோக்குக் கருவிகளல்ல. பேரப்பிள்ளையின் முகம் தோன்றும் ஒரே வாசல் அவையே. "உங்கள் கணினி இன்னும் சிறிது நேரத்தில் முடங்கிவிடும்" என்னும் மிரட்டல் அலுவலகமொன்றிற் பணி தாமதத்தைக் குறிக்கலாம். இங்கு அது பிள்ளையுடனான தொடர்பு அறுபடுவதைக் குறிக்கும்.

இதனினும் முக்கியமானது பிறிதொன்று. கருவி பழுதுற்றால் தாய் மகனை அழைக்கிறாள். "அம்மா, நான் சொல்லுறதை இறக்குங்கோ. அதில வாற இலக்கத்தைச் சொல்லுங்கோ, நான் இங்கயிருந்து பாக்கிறன்" என்கிறான் மகன். சிறிது நேரத்திற் சுட்டி தானாக நகர்ந்து பழுது தீர்கின்றது. தொலைவிலுள்ள குரலொன்றுக்குக் கணினியைத் திறந்துவிடுதல் இவ்வீடுகளில் மகனின் அன்போடு பிணைந்த, பலமுறை பழகிய செயல். மோசடிக்காரன் நடிப்பது நிறுவனத்தின் பணியாளனை மட்டுமன்று. அவனறியாமலே அந்த மகனின் இடத்தையும் அவன் எடுத்துக்கொள்கிறான். வெளிநாட்டு இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வருவது பிற வீடுகளில் ஐயத்தை எழுப்பலாம். இங்கோ நாளும் எதிர்பார்க்கப்படுவது அதுவே.

கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு வடிவங் கொள்கின்றது. சிறு வணிகரும், துறைமுகத்தையும் கடைத்தெருக்களையும் சார்ந்து உழைப்போரும் செறிந்து வாழும் இப்பகுதியிற் கணினியை விடக் கைபேசியே பெரிது. கைபேசி பழுதுற்றால் தெருமுனையிலுள்ள கடைக்குக் கொண்டுசெல்வர். கடையிலுள்ள இளைஞன் கேட்டால் கடவுச்சொல்லையும் சேர்த்துச் சொல்வர். அவ்விளைஞன் பெரும்பாலும் நேர்மையானவனே. ஆயினும், 'அறிந்தவன் கேட்டால் திறவுகோலைக் கொடுக்க வேண்டும்' என்னும் பழக்கம் அங்கு வேரூன்றுகின்றது.

அதிகாரத்தின் குரலுக்குப் பணியும் பழக்கமும் இவற்றுடன் சேர்த்து நோக்கற்பாலது. போர்க்காலக் கொழும்பிலே தமிழராய் வாழ்தல் என்பது கேட்டபோதெல்லாம் அடையாள அட்டையைக் காட்டுவதும், வந்திருப்போர் விபரத்தைப் பொலிஸ் நிலையத்திற் பதிவதுமாகும். 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. அத்தகைய அனுபவங்களைக் கண்ட ஒரு தலைமுறைக்கு, தன் பெயரையும் விலாசத்தையும் சரியாகக் கூறி வினவும் உத்தியோகக் குரலை எதிர்த்து "நீர் யார்?" என்று கேட்பது எளிதன்று. விபரங்களை உடனே கொடுத்துவிடுதலே பாதுகாப்பு என்பது அக்காலம் கற்பித்த பாடம். அப்பாடமே இன்று பாதகமாகின்றது.

மொழியின் பங்கு

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழில் இப்பொருளை எழுதுவதற்கு மொழியே தலையாய காரணமாகும். கணினியின் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வருகின்றது. வங்கிக் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றது. தமிழில் நன்கு கற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அச்சொற்களைப் பொருளாக அன்றி ஒலியாகவும் நிறமாகவுமே உணர நேரிடுகின்றது. அந்நிலையில் அவற்றை 'மொழிபெயர்த்துச்' சொல்ல முன்வருபவனே அவருக்கு ஆசானாகிறான். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்கும், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று கூறிய 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்கும் இடையில் நிகழ்ந்த மொழிப் போராட்டங்களை நாம் அறிவோம். அரச அலுவலகத்தை நோக்கியே அவை பெரிதும் அமைந்தன. இன்றோ மனிதரின் சேமிப்பையும் அடையாளத்தையும் ஆளும் மொழி திரையின் மொழியாகும்.

நம் பங்கில் உள்ள குறையையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். மானிப்பாயிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தபோது, கலைச்சொற்களை ஆக்கியதுடன் நில்லாது, அவற்றால் நோயையும் மருந்தையும் விளக்கும் நூல்களையும் ஆக்கினார். கணினித் துறையில் நாம் சொற்களை ஆக்கினோம். எச்சொல் தூயது, எது பொருத்தமானது என விவாதித்தோம். அச்சொற்களாற் செயல்முறையை விளக்கும் பணி போதியளவு நிகழவில்லை. 'தொலைவழி அணுகல்' என்னும் தொடர் இலக்கண வழுவற்றது. ஆனால் அது நிகழும்போது என்ன நேர்கின்றது என்பதை அத்தொடர் தாயொருத்திக்கு உணர்த்துவதில்லை.

அதனை நம் வழக்கிலிருந்தே உணர்த்தலாம். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பெரியவர் குழந்தையின் கையைப் பிடித்து எழுதுவிக்கிறார். எழுதுவது குழந்தையின் கை. எழுத்தைத் தீர்மானிப்பவர் பெரியவர். தொலைவழி அணுகலும் அத்தகையதே. அனுமதி கொடுத்த கணத்திலிருந்து கை நம்முடையது, எழுத்து மற்றவனுடையது. வங்கிக்கோ அக்கட்டளை நம் கணினியிலிருந்து, நம் கடவுச்சொல்லுடன் வந்ததாகவே தோன்றும். ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொல்லுதல் கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்கு ஒப்பானது. இவ்விரு ஒப்புமைகளையும் புரிந்துகொண்ட ஒருவருக்குக் கலைச்சொல் தெரியாதிருப்பினும் குறையில்லை.

குரலின் மறுமுனை

மறுமுனையிற் பேசுபவன் யார் என்பதும் சமூகவியலாளர் தவிர்க்க முடியாத வினா. தில்லி, கொல்கத்தா அழைப்பு நிலையங்களில் அமர்ந்திருப்போர் பலர் ஆங்கிலம் கற்றும் தகுந்த வேலை பெறாத இளைஞர். கையில் எழுதிக் கொடுக்கப்பட்ட உரையை வாசிப்போர். தென்கிழக்காசிய முகாம்களின் நிலை இதனினும் கொடியது. மியன்மாரில் ஏறத்தாழ 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடியில் ஈடுபடுமாறு வற்புறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. வேலை தேடிச் சென்று மியன்மாரின் மியாவடியில் அடைபட்ட இலங்கையர் பலர் 2024 இல் மீட்கப்பட்டனர். 2022 இன் பொருளாதார நெருக்கடி நம் இளைஞரை எத்தகைய வாயில்களுக்குத் தள்ளியது என்பதை இது காட்டும். இக்கூற்று மோசடியை நியாயப்படுத்துவதன்று. இருமுனையிலும் உள்ளோரை அழித்து, நடுவில் இலாபம் திரட்டுவோர் முகங்காட்டாது நிற்கின்றனர் என்பதைச் சுட்டுவதேயாகும்.

சட்டமும் செயலும்

சட்டம் இல்லாமலில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றிக் கணினியை அணுகுதலை ஐந்தாண்டு வரையிலான சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றது. ஆளை மாற்றி நடித்து வஞ்சித்தல் தண்டனைச் சட்டக்கோவையின்படியும் குற்றமாகும். கணினிக் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015 இல் இணைந்தது. ஆனால் நீதியின் வேகத்துக்கும் பணத்தின் வேகத்துக்கும் ஒப்பில்லை. வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் மாற்றும் முறைமை 2015 முதல் இந்நாட்டில் இயங்குகின்றது. போன பணம் வாடகைக்குப் பெற்ற கணக்கொன்றில் விழுந்து, அங்கிருந்தும் விரைவில் அகன்றுவிடும்.

எனவே நிகழ்ந்தபின் செய்ய வேண்டியவற்றின் ஒழுங்கு முக்கியமானது. முதலில் இணைய இணைப்பைத் துண்டித்துக் கருவியை அணைத்தல் வேண்டும். அடுத்து, வேறொரு தொலைபேசியிலிருந்து, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்தை அழைத்துக் கணக்கை முடக்கச் செய்தல் வேண்டும். பின்னர் வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, பொலிசிடமும், 2006 இல் நிறுவப்பட்ட தேசிய கணினிப் பாதுகாப்பு நிலையமான ஸ்ரீ லங்கா சேர்ட்டிடமும் முறையிடலாம். நிகழுமுன் செய்யத்தக்கது இதனினும் எளிது. வந்த அழைப்பில் எதையும் செய்வதில்லை. துண்டித்துவிட்டு, தமக்குத் தெரிந்த இலக்கத்துக்குத் தாமே அழைப்பது என்னும் ஒரு விதி போதும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் உதவும்போதும் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த வினாவொன்றைக் கேட்டுத் தொடங்குவது நன்று.

இப்பணியில் மன்றங்களுக்கும் இடமுண்டு. வெள்ளவத்தையில் 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும், கொட்டாஞ்சேனைப் பகுதியில் 1902 இல் தோன்றிய விவேகானந்த சபையும் இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் கூட்டிய சபைகளை நாம் அறிவோம். அத்தகைய இடங்களில் மாதமொருமுறை, பொய் எச்சரிக்கையொன்றைத் திரையிற் காட்டி, அதனைத் தமிழில் விளக்கும் வகுப்பொன்றை நடத்தலாம். முறைப்பாட்டைத் தமிழிற் சொல்லி, தமிழிற் பதிந்து, தமிழிலேயே பதில் பெறும் வசதியை வங்கிகளிடமும் பொலிசிடமும் கேட்பதும் மொழியுரிமையின் இன்றைய வடிவங்களுள் ஒன்றெனக் கொள்ளல் தகும்.

இவை யாவற்றுக்கும் முன்னர் நீங்க வேண்டியது வெட்கம். ஏமாந்தவர் பிள்ளைகளின் கோபத்துக்கும் அயலாரின் நகைப்புக்கும் அஞ்சி மறைக்கிறார். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கு ஆதாயம். அதன்பின் வங்கியின் உண்மையான அழைப்பையும் நம்ப மறுத்து, தேவையான சேவைகளிலிருந்தும் அவர் ஒதுங்கிவிடுவதுண்டு. ஆராயாது நம்புதலையும், நம்பியபின் ஐயுறுதலையும் ஒருசேரத் துன்பமெனக் கண்ட திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் இங்கு நினைவுகூரத்தக்கது. ஏமாந்த ஒருவர் நம்மிடம் வரும்போது "ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்பது நம் வழக்கம். "எப்போது கொடுத்தீர்கள்?" என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை சில நிமிடங்களுக்கு முன்னர் என்றிருப்பின், வங்கியை அழைப்பதற்கு இன்னும் நேரமிருக்கலாம்.